குன்வோர் மிசியின் மொழிபெயர்ப்பாளர்

ஜெயரத்தினத்துக்கு ஒஸ்லோவில் இரண்டு வேலைகள். விடியற்காலை நான்கு மணிக்குச் சுரங்க ரயில் பெட்டிகளைக் கழுவத் தொடங்குவார். மத்தியானத்துக்குப் பிறகு, யாராவது கூப்பிட்டால், மொழிபெயர்ப்பாளர். முதல் வேலை குடும்பத்தைக் காப்பாற்றியது. இரண்டாவது வேலைக்குத்தான் அவர் சட்டையை மினுக்கிப் போட்டுக்கொண்டு போனார்.

1987இல் சாவகச்சேரியிலிருந்து வந்தவர். ஒரு வருடம் மொழி படித்தார். பிறகு ஒன்பது வருடம் வடக்கே ஹம்மர்பெஸ்ட்டில் மீன் தொழிற்சாலை. அந்தக் குளிர் விரல் மூட்டுகளில் ஏறியது, பிறகு இறங்கவே இல்லை. ஆனால் பக்கத்தில் நின்று மீன் வெட்டிய வடக்கத்தியாரிடம் அவர் நோர்வேஜிய மொழியை நன்றாகப் பிடித்துக்கொண்டார். ஒஸ்லோ வைத்தியர்கள் அவர் வாயிலிருந்து வரும் ஹம்மர்பெஸ்ட் இழுப்பைக் கேட்டுச் சிரிப்பார்கள். 1997இல் குடும்பத்தோடு தெற்கே வந்து, ஒஸ்லோவின் புருசெத்தில் ஒரு மாடிக் குடியிருப்பில் ஏழாம் தளத்தில் குடியேறினார். மனைவி புஷ்பமலர் சிறுவர் பூங்கா ஒன்றின் சமையலறையில் வேலை செய்தாள். மகன் கீர்த்தனன், மகள் துஷ்யா.

மொழிபெயர்ப்பாளர் அட்டை வாங்குவதற்கு அவர் ஒரு பாடநெறி படித்தார். அதில் சொன்னவற்றில் அவருக்கு மிகவும் பிடித்தது ஒன்று: கேட்டதில் எதையும் விடக்கூடாது, எதையும் சேர்க்கவும் கூடாது. நோயாளி "எனக்கு வயிற்று நோ" என்றால் நீயும் "எனக்கு வயிற்று நோ" என்றுதான் சொல்ல வேண்டும். "அவருக்கு" என்று சொல்லக்கூடாது. இது ஜெயரத்தினத்துக்கு ஓர் ஆறுதலாக இருந்தது. நாள் முழுக்கச் சொந்தக் கவலைகளோடு இருப்பவருக்கு, இரண்டு மணி நேரம் வேறொருவருடைய வாயாக மட்டும் இருப்பது ஒரு ஓய்வு.

2003ஆம் ஆண்டு வசந்த காலத்தில் ஒரு பிரசவத்துக்குக் கூப்பிட்டார்கள். திரைக்கு வெளியே முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்து, உள்ளே மருத்துவிச்சி சொன்னதைத் தமிழிலும் தாய் கத்தியதை நோர்வேஜிய மொழியிலும் ஐந்து மணி நேரம் சொன்னார். குழந்தை பிறந்த பிறகு மருத்துவிச்சி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அறுபத்தொரு வயது, நெடிய உருவம், குட்டையாக வெட்டிய நரைமுடி. பெயர் குன்வோர்.

"அந்தப் பெண் என்னைத் திட்டியதையும் நீங்கள் விடவில்லை," என்றாள்.

"விடக்கூடாது," என்றார் ஜெயரத்தினம்.

குன்வோர் இருபது வருடம் ஆபிரிக்காவில் மிசன் வைத்தியசாலைகளில் இருந்தவள். இலங்கையில் போர் நிறுத்தம் வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அவளுடைய சிறிய மிசன் வன்னியில், குளக்கட்டுக்குப் பக்கத்திலுள்ள ஒரு கிராமத்துத் தேவாலயத்தோடு சேர்ந்து, தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் ஒரு கிளினிக் தொடங்கியிருந்தது. வருடம் முழுவதும் உள்ளூர்த் தாதி ஒருத்தி அதைப் பார்த்துக்கொள்வாள். கோடையில் மூன்று மாதம் குன்வோர் போவாள். தேவாலயப் பாஸ்டர் அருட்செல்வத்துக்கு ஆங்கிலம் தெரியும். ஆனால் பெண்கள் அவரிடம் தங்கள் உடம்பைப் பற்றிக் கதைக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர் முகத்தில் விழிக்க வேண்டுமே.

"வெளியிலிருந்து வரும் ஒருவர் வேண்டும். ஆறு கிழமை வருவீர்களா?"

"நான் சைவம்," என்றார் ஜெயரத்தினம். "திருநீறு பூசுற ஆள்."

"நான் கேட்டது மொழிபெயர்ப்பாளரை."

பதினாறு வருடமாக அவர் ஊர் மண்ணை மிதிக்கவில்லை. அன்று மாலை புஷ்பமலரிடம் சொன்னார். அவள் கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"சேர்ச்சுக்காறரோடையோ? இஞ்சாருங்கோ, ஊர்ச்சனத்தை மதம் மாத்துறதுக்கு நீங்கள் வாய் குடுக்கப் போறியளோ? கோயிலிலை ஆரும் கேட்டா நான் என்னத்தைச் சொல்லுறது?"

"கிளினிக் எண்டு சொல்லு. பிள்ளைப்பேறு பார்க்கினம்."

"செபமும் செய்வினம்."

"செய்யட்டுமன். நான் அவை சொல்லுறதைச் சொல்லிப்போட்டு வருவன்."

துஷ்யா புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தினாள். "அது அப்பாவுக்கு யொப், வேலை தானே, அம்மா."

ஆனி மாதக் கடைசியில் அவர் போனார்.

கிளினிக் என்பது பாதிக் கூரை போன பள்ளிக்கூடம். போன பாதிக்கு மிசன் தறப்பாள் கட்டியிருந்தது. காலை ஏழு மணிக்கே வரிசை நின்றது. வயிற்றுப் பிள்ளைத்தாய்ச்சிகள், சிரங்கோடு குழந்தைகள், பிரசவத்துக்குப் பிறகு ஒருநாளும் நோ நிற்காத பெண்கள். ஜெயரத்தினம் சீலைத் திரைக்கு வெளியே ஒரு ஸ்டூலில் முதுகைத் திருப்பி இருந்தார். உள்ளே குன்வோர் கேட்பாள், அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு தமிழில் கேட்பார். இதெல்லாம் அவருக்குப் பழகியதுதான்.

பழகாதது, ஒவ்வொரு பெண்ணையும் பார்த்து முடித்த பிறகு வந்தது. குன்வோர் முதலில் கேட்பாள்: "உனக்காகச் செபிக்கட்டுமா?" வேண்டாம் என்றால் சிரித்து அனுப்பிவிடுவாள். வேண்டாம் என்று சொன்னவர்கள் மிகச் சிலர். அங்கே எந்தக் கடவுளையும் ஒருவரும் திருப்பி அனுப்புகிற நிலையில் இல்லை. சரி என்றால் திரையை விலக்கி வெளியே கூட்டி வந்து, தோளில் கையை வைத்து நாலைந்து வசனம் செபிப்பாள். பாடநெறியின்படி ஜெயரத்தினம் அதை 'நான்' என்று தன்மையில்தான் சொல்ல வேண்டும்.

"ஆண்டவராகிய இயேசுவே," என்று முதல் நாள் அவர் தொடங்கியபோது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நெற்றியில் காலையில் பூசிய திருநீறு. எதிரே நின்ற பெண்ணுக்கும் நெற்றியில் திருநீறு. இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றார்கள். "நான் உம்மிடம் கேட்கிறேன், இந்தச் சகோதரியின் பிள்ளையைச் சுகமாகத் தாரும்."

மூன்றாம் நாள் நாக்குப் பழகிவிட்டது. இரண்டாம் கிழமையில் இன்னொன்று நடந்தது. செபம் சொல்லும்போது பெண்கள் குன்வோரைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தார்கள். அவர்களுக்கு விளங்கிய சொற்கள் அவர் வாயிலிருந்துதானே வந்தன. சுகமாய்ப் பிள்ளை பெற்ற ஒருத்தி, ஒரு பை நிறைய முருங்கைக்காயைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்து, "செபம் சொன்ன அண்ணைக்கு" என்றாள். அவர் அதைக் குன்வோரிடம் காட்டி, "உங்களுக்குத்தான்" என்றார். இரவுச் சாப்பாட்டில் இருவரும் சேர்ந்து சாப்பிட்டார்கள்.

அடுத்த வருடமும் போனார். 2004 ஆவணியில், வெயில் கொளுத்திய ஒரு முற்பகல், மரியமலர் வந்தாள். அதே ஊர்க்காரி, கத்தோலிக்கப் பெண். வயது நாற்பதுக்குள். வயலில் கூலி வேலை. கணவன் பத்து வருடத்துக்கு முன் ஷெல் விழுந்து செத்தவன்.

"என்ன வருத்தம்?" என்று ஜெயரத்தினம் கேட்டார்.

"வருத்தம் ஒண்டுமில்லை அண்ணை. என்ரை பிள்ளை அனஸ்ரேசியாவைப் பிடிச்சுக்கொண்டு போட்டினம். ரியூசனுக்குப் போனவள். பதினாறு வயசு. நாலு மாசமாச்சு. மிசியம்மாட்டைச் சொல்லுங்கோ, பிள்ளைக்காண்டிச் செபம் செய்யச் சொல்லி."

யார் கொண்டுபோனார்கள் என்று அவள் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. பிள்ளைகளைப் போருக்குச் சேர்ப்பவர்கள் யார் என்று அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூட வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு இருவர் நிழலில் நின்றதையும் எல்லோரும் கண்டிருந்தார்கள். வரிசையில் கதை நின்று போயிருந்தது.

குன்வோர் மரியமலரின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு செபித்தாள். கடவுளே, அனஸ்ரேசியாவை நீர் அறிவீர் என்றாள். ஒரு தாயின் பிள்ளையைப் பறிப்பது பாவம், எந்த நோக்கத்துக்காகச் செய்தாலும் பாவம் என்றாள். அனஸ்ரேசியாவைக் கொண்டுபோனவர்களை வெட்கப்படச் செய்யும். அனஸ்ரேசியாவை வீட்டுக்கு அனுப்பும்.

ஜெயரத்தினத்தின் கண் வாசல் பக்கம் போனது. பிறகு தமிழில் சொன்னார்: "ஆண்டவரே, இந்தத் தாயின் கண்ணீரைப் பார்த்தருளும். அனஸ்ரேசியாவைக் காப்பாற்றும். ஆமென்."

மரியமலர் சற்று நேரம் அப்படியே நின்றாள். இன்னும் ஏதோ வரும் என்று காத்திருந்தவள் போல. பிறகு தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

மாலையில் மிசன் வான் வண்டியில் திரும்பி வரும்போது குன்வோர் கேட்டாள்.

"நான் அந்தப் பெயரை மூன்று தடவை சொன்னேன். நீ ஒரு தடவைதான் சொன்னாய்."

அவர் வீதியைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"எதை விட்டாய்?"

சொன்னார். ஏன் விட்டார் என்பதையும் சொன்னார். "நீங்கள் புரட்டாதியில் ஒஸ்லோவுக்குப் போய்விடுவீர்கள். நானும் போய்விடுவேன். அவள் இங்கேதான் இருக்க வேண்டும்."

"அவள் என்ன கேட்டு வந்தாள்? மருந்தா? செய்தது பிழை என்று யாராவது வாய் திறந்து சொல்ல வேண்டும் என்று வந்தாள். நாலு மாதமாக இந்த ஊரில் ஒருவரும் அதைச் சொல்லவில்லை. நீயும் சொல்லவில்லை."

"எனக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், குன்வோர்."

"அவளுக்கு ஒன்று இருந்தது."

மறுநாளிலிருந்து செபத்துக்கு மட்டும் பாஸ்டர் அருட்செல்வம் ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்தார். ஜெயரத்தினம் மொழிபெயர்க்கச் சளியும் இரத்தப்போக்கும் தலைச்சுற்றும் மட்டுமே மிஞ்சின. அவருக்கு அது ஒரு பக்கம் ஆறுதலாக இருந்தது. மறுபக்கம், செபம் தொடங்கும்போது எழுந்து கிணற்றடிக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் முகம் எரிந்தது. அட்டை வாங்கிய நாளிலிருந்து அவர் விட்ட முதல் வசனம் அது. செய்தது சரியென்றே நினைத்தார். ஆனாலும் முகம் எரிந்தது.

ஒஸ்லோவில் அதைப் புஷ்பமலரிடம் மட்டும் சொன்னார். "நல்லதுதான் செய்தியள்," என்றாள் அவள். "இனிப் போகாதையுங்கோ."

2005இல் குன்வோர் தொலைபேசியில் கேட்டபோது, மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஓம் என்று சொல்லிவிட்டார். ஏனென்று அவருக்கே தெரியவில்லை.

அந்த வருடம் கிராமம் மாறியிருந்தது. கடைகளில் ஆட்கள் நின்று கதைப்பதில்லை. போர் திரும்பி வரும் என்று எல்லோரும் நினைத்தார்கள், ஒருவரும் சொல்லவில்லை. இரண்டாம் கிழமை மரியமலர் மறுபடி வந்தாள். பிள்ளையைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. குன்வோர் போன வருடம் செபித்ததையே ஏறக்குறைய அப்படியே செபித்தாள். ஜெயரத்தினம் கிணற்றடிக்குப் போக எழுந்தவர், போகவில்லை.

பாஸ்டர் அருட்செல்வம் கண்ணை மூடிக்கொண்டு, சத்தமாக, ஒரு வசனமும் விடாமல் தமிழில் சொன்னார். பிள்ளையைப் பறிப்பது பாவம் என்றார். கொண்டுபோனவர்கள் வெட்கப்பட வேண்டும் என்றார். வரிசையில் நின்ற பெண்களில் ஒருத்தி "ஆமென்" என்றாள். பிறகு இன்னொருத்தி. திருநீறு பூசியவர்களும் சொன்னார்கள்.

மறுநாள் காலை பாஸ்டரை விசாரணைக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. போனவர் மூன்று நாள் கழித்துத் திரும்பினார். உடம்பில் அடி ஒன்றும் தெரியவில்லை. என்ன கேட்டார்கள் என்று அவர் சொல்லவும் இல்லை. தேவாலய விறாந்தையில் கதிரையைப் போட்டுக்கொண்டு குளத்தைப் பார்த்தபடி இருந்தார். அதற்குப் பிறகு அவர் யாருக்கும் மொழிபெயர்க்கவில்லை. கிளினிக்கை ஒரு கிழமைக்குள் மூட வேண்டும் என்று சொன்னார்கள். பாதுகாப்பு இல்லையாம்.

அந்தக் கிழமை முழுவதும் குன்வோர் மருந்துகளைப் பெட்டியில் அடுக்கினாள். ஐந்தாம் நாள், ஒரு பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அறுபது கர்ப்பிணிகள் பதிவில் இருக்கிறார்கள்," என்றாள். "போன வருடம் நீ சரியாகத்தான் செய்தாயோ?"

"தெரியாது," என்றார் ஜெயரத்தினம். உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை. தான் சொன்னதே நடந்துவிட்டது என்பதில் அவருக்குத் துளியும் திருப்தி வரவில்லை.

புறப்படும் நாள் மரியமலர் வந்தாள். ஒரு போத்தலில் பால் கொண்டுவந்திருந்தாள்.

"தங்கச்சி," என்றார் ஜெயரத்தினம், "போன வருசமும் மிசியம்மா பாஸ்டர் சொன்னதைத்தான் செபிச்சவ. நான் முழுக்கச் சொல்லேல்லை. பயத்திலை விட்டிட்டன்."

அவள் கோபிப்பாள் என்று எதிர்பார்த்தார். கோபித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"பயம் எல்லாருக்கும் தானே அண்ணை," என்றாள் மரியமலர். "எனக்கில்லையே? பிள்ளையைக் கேட்டுப் போன இடத்திலை நானும் வாய் திறக்கேல்லை. இப்ப பாஸ்டர் ஊருக்கு முன்னாலை சொல்லிப்போட்டார். பாவம், அந்த மனிசன். ஆனா எனக்கு அது காணும், வேறை ஒண்டும் வேண்டாம்."

அவர் தன் தொலைபேசி எண்ணை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். வானில் ஏறிய பிறகு குன்வோர் அவள் என்ன சொன்னாள் என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னார். குன்வோர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த வருடம் போர் திரும்பி வந்தது. வன்னிக்குப் போகும் பாதை மூடப்பட்டது. மிசன் தன் வேலையை வேறொரு நாட்டுக்கு மாற்றியது. குன்வோர் ஓய்வு பெற்று ஹவுகெட்டோவில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய வீட்டில் தனியாக இருந்தாள். மாதம் ஒரு தடவை ஜெயரத்தினம் போய் ஒரு கோப்பி குடித்துவிட்டு வருவார். நண்பர்கள் என்று சொல்ல முடியாது. அந்த ஊரையும் அந்த வரிசையையும் தெரிந்த ஆள் ஒஸ்லோவில் அவருக்கு அவள் ஒருத்திதான், அவளுக்கு அவர் ஒருவர்தான். ஊர்ப் பெயர்களைச் சொல்லிப் பார்ப்பார்கள். பெரும்பாலும் சும்மா இருப்பார்கள்.

போர் கடைசிக் கட்டத்துக்கு வந்திருந்த 2009 சித்திரையில் ஒஸ்லோத் தமிழர் பாராளுமன்றத்துக்கு முன்னால் நாள்தோறும் கூடினார்கள். ஜெயரத்தினம் ரயில் கழுவிவிட்டு அப்படியே அங்கே போய் நின்றார். சாப்பிட மறந்தார். வீட்டுக்கு வந்தால் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கினார். ஒருநாள் பிற்பகல் கூட்டத்தில் ஒரு நெடிய நரைத்தலை தெரிந்தது. குன்வோர் இடுப்பு நோவோடு ஊன்றுகோல் பிடித்து நின்றாள். தமிழில் போட்ட கோஷம் அவளுக்கு விளங்கவில்லை.

"என்ன சொல்கிறார்கள்?"

அவர் மொழிபெயர்த்தார். ஒரு மணி நேரம், ஒவ்வொரு கோஷத்தையும். தான் உடன்படாத கோஷங்களும் இருந்தன. அவற்றையும் சொன்னார்.

வைகாசியில் எல்லாம் முடிந்தது. தாய்மார் அழுதார்கள், சிலர் வீட்டுக்குப் போகாமல் புல்லில் படுத்திருந்தார்கள். மறுநாள் காலை ஜெயரத்தினம் வழக்கம்போல வேலைக்குப் போனார். ஒரு பெட்டியைக் கழுவி முடித்துவிட்டு, அதையே மறுபடி கழுவினார். கூட வேலை செய்தவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

புரட்டாதியில் மிசனிலிருந்து கூப்பிட்டார்கள். முகாம்களில் இருக்கும் மக்களுக்கு உதவப் புதிதாக ஒரு குழு போகிறது, அனுமதி கிடைத்தால். அவர் மொழிபெயர்க்க வருவாரா? அவர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

ஆச்சரியம் என்னவென்றால், புஷ்பமலர் போகச் சொன்னாள். "போங்கோவன். சனம் படுற பாட்டிலை ஆர் சைவம், ஆர் வேதக்காறர் எண்டு பார்க்கேலுமே? நான் பிள்ளையளைப் பார்ப்பன்."

"என்னாலை ஏலாது, புஷ்பம்."

"வருத்தமே?"

"வருத்தமில்லை. களைச்சுப் போனன். ஆக்கள் சொல்லப் போறதை என்ரை வாயாலை 'நான்' எண்டு சொல்ல இனி ஏலாது. என்ரை பிள்ளை செத்திட்டுது, என்ரை கால் போட்டுது எண்டு ஒரு நாளைக்கு நூறு தரம் சொல்லேலாது."

அவர் மிசனுக்குத் தொலைபேசி எடுத்து மாட்டேன் என்றார்.

மார்கழி முதற் கிழமை, சனிக்கிழமை மத்தியானம், அவர் கடையில் மரக்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. இலங்கை எண். மரியமலர். அவளை முகாமிலிருந்து விட்டுவிட்டார்கள். ஊருக்கு வந்துவிட்டாள். வீடு இல்லை, கூடாரம் தந்திருக்கிறார்கள். பாஸ்டர் அருட்செல்வம் மாசி மாதத்திலேயே ஷெல் பட்டுச் செத்துப்போனார், குழி தோண்டித் தாட்டுவிட்டு ஓடிவந்தார்கள்.

ஜெயரத்தினம் உருளைக்கிழங்குப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மற்றதைக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. அவளே சொன்னாள்.

"பிள்ளை இருக்கிறாள் அண்ணை. ஆமிக்காறர் புனர்வாழ்வு முகாமிலை வைச்சிருக்கினம். போன கிழமை பாக்க விட்டவை. பத்து நிமிசம்."

"எப்பிடி இருக்கிறாள்?"

"மெலிஞ்சு போனாள். தலைமயிரைக் கட்டையா வெட்டியிருக்கு. முதல் எனக்கு ஆரெண்டு மட்டுப் பிடிக்கேல்லை. ஒண்டும் பெரிசாக் கதைக்கேல்லை. அடுத்த முறை வரேக்கை சவுக்காரமும் ஒரு சோடி செருப்பும் கொண்டு வாங்கோ எண்டாள்."

"எப்ப விடுவினமாம்?"

"அது ஒருத்தருக்கும் தெரியாது."

மரக்கறிப் பையோடேயே அவர் ஹவுகெட்டோவுக்கு ரயில் ஏறினார். குன்வோர் கதவைத் திறக்க நேரம் எடுத்தது. சமையலறை மேசையில் இருந்து அவர் எல்லாவற்றையும் சொன்னார். அருட்செல்வத்தின் பெயர் வந்தபோது குன்வோர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். செபிக்கிறாளா, அழுகிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. எழுந்து கோப்பி போட்டார்.

பிறகு அவள் ஒரு துண்டுத் தாளை எடுத்து எழுதினாள். சவுக்காரம், செருப்பு. "என்ன அளவு?" என்று கேட்டாள்.

"தெரியாது. இங்கிருந்து அனுப்ப வேண்டாம், குன்வோர். அங்கே கடையில் வாங்கலாம். மரியமலர் வாங்கிக் கொடுப்பாள்."

"ஓ," என்றாள் குன்வோர். தாளை மடித்து மேசை விரிப்புக்கு அடியில் வைத்தாள். வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது, மூன்றரை மணிதான். இருவரும் ஆறிப்போன கோப்பியைக் குடித்து முடித்தார்கள். மறுநாள் ஞாயிறு என்றாலும் அவருக்கு விடியற்காலை வேலை இருந்தது. மரக்கறிப் பையை எடுத்துக்கொண்டு ரயிலுக்குப் போனார்.